நான் ரத்து செய்த மழை

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். நாலு மாதம் விடாமல் பொய் எழுதி நிம்மதியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன், ஒரே ஒரு நாள் உள்ளதை உள்ளபடி எழுதப் போய் ஊர் சிரிக்கும்படி ஆனேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு ராயபுரம். அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டினார், சித்தப்பா ரயில்வே. அரிசி என்றால் கப்பலிலிருந்து மூட்டையாக இறங்குவது என்பதுதான் எங்கள் வீட்டு விவசாய அறிவு. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த இன்னாசிமுத்துவாகிய எனக்குக் கிடைத்த அரசாங்க வேலை, பயிர், கால்நடை, மழை பற்றி வாராவாரம் அறிக்கை எழுதும் குமாஸ்தா வேலை. (ஆண்டவருக்கும் விளையாட்டு புத்தி உண்டு.)

ஆபீஸ் திருவொற்றியூரில், ஓடு போட்ட ஒற்றை அறை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் மாற்றலாகிப் போகும்போது ஒரு ஃபைலைக் கையில் கொடுத்து, எல்லாம் இதிலேயே இருக்குப்பா, தேதியை மட்டும் மாத்திக்கோ என்றார். பிரித்துப் பார்த்தேன். "மழை இல்லை. பயிர்கள் சுமார். கால்நடைகள் நலம். தீவனம் போதுமானது." அடுத்த தாளும் அதேதான், அதற்கடுத்த தாளும் அதேதான். மனுஷன் ஐப்பசி மாதத்தில்கூட மழை இல்லை என்று எழுதியிருந்தார். நானும் வியாழக்கிழமை தோறும் கார்பன் வைத்து அதையே எழுதி அனுப்பினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கால்நடைகள் நலம் என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

எங்கள் அதிகாரி இன்னொரு ஆபீஸையும் சேர்த்துப் பார்த்ததால் வாரத்தில் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் நானும் பியூன் கன்னியப்பனும்தான். அவருக்கு என்னைவிட இருபது வயது அதிகம். அதிகாரி இருந்தால் என்னை சார் என்பார், அவர் தலை மறைந்ததும் நைனா என்பார். வீடு ஆபீஸுக்குப் பின்தெரு. அவர் மனைவி தெய்வானையக்கா எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் கோடை, சித்திரை பிறப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது. மணலிப் பக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கால்வாயில் எருமை படுக்கிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. கடற்காற்று சாயங்காலம்தான் வரும், அதுவும் ஃபாக்டரிப் புகையையும் கூட்டிக்கொண்டு வரும். தெருமாடுகள் சுவரில் இருந்த சினிமா போஸ்டரைப் பசைக்காக நக்கி, பிறகு போஸ்டரையே தின்ன ஆரம்பித்தன. எண்ணூர் உப்பளத்துக்காரர்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள். இந்த வெயில்தான் அவர்களுக்கு விளைச்சல்.

நானோ, கால்நடைகள் நலம், தீவனம் போதுமானது.

ஒரு வியாழக்கிழமை நான் கார்பனைச் செருகும்போது கன்னியப்பன் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"நைனா, நாலு மாசமா எய்தினு கீறியே, அத்த எங்க வூட்டு மாட்டாண்ட ஒரு தபா கேட்டுட்டு எய்து."

சொன்ன விதத்தில் கோபம் இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே அவரோடு கிளம்பினேன். முதலில் மணலிப் பக்கம் கூட்டிப் போனார். அங்கே கோடை அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒரு விவசாயி கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, என் முன்னால் நீட்டி ஊதினார். எல்லாம் பறந்துபோய் நாலு நெல்மணி மட்டும் மிஞ்சியது. மற்றதெல்லாம் பதர். வைக்கோலாவது தேறுமா என்று கேட்டேன். அவர் அறுத்த நெல் தாளை என் முழங்காலுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார், எட்டவில்லை. என் வீட்டு மாட்டுக்கே காணாது, விற்பதற்கு எங்கே போவது என்றார்.

பிறகு கன்னியப்பன் வீடு. ரெண்டு எருமையில் ஒன்றைப் பங்குனியிலேயே விற்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது நெற்றியில் வெள்ளையோடு ஒன்று. பெயர் சுட்டி. நிறைசினை. வயிறு மட்டும்தான் முன்னால் தெரிந்தது, மற்றபடி விலா எலும்பை எண்ணிவிடலாம். இது ஈன்று பால் கறந்தால்தான் இந்த வருஷம் அடுப்பு எரியும், கண்ணு என்றார் தெய்வானையக்கா. எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் நலம் என்று எழுதிய கால்நடை இதுதான்.

அன்று எழுதினேன் பாருங்கள் ஒரு அறிக்கை. ஏழு பக்கம். பதர், வெடித்த ஏரி, போஸ்டர் தின்னும் மாடுகள் எல்லாம் அதில் இருந்தன. "வாயில்லா ஜீவன்களின் கண்ணீர்" என்றெல்லாம்கூட எழுதினேன். (எருமை அழுததை நான் பார்க்கவில்லை. ஒரு வேகம்தான்.) எங்கள் அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஒரே வாரத்தில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. திருவொற்றியூரில் மலிவு விலை வைக்கோல் டிப்போ திறக்கலாம். திங்கட்கிழமை பெரிய ஆபீசர் நேரில் வந்து இடம் பார்ப்பார். அதுவரை தினமும் மழையளவைக் கருவியைப் பார்த்துத் தெரிவிக்க வேண்டும், மழை பெய்தால் உடனே தந்தி கொடுக்க வேண்டும். கடிதத்தை நான் வாசிக்க வாசிக்க, கன்னியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு மழைமானி ஞாபகம் வந்தது. அது ஆபீஸ் பின்புறம் கம்பிவேலிக்குள் இருக்கும். மேலே புனல், அடியில் தண்ணீர் சேர ஒரு குப்பி. நாலு மாதத்தில் நான் அந்தப் பக்கமே போனதில்லை. போய்ப் பார்த்தால் புனலில் காக்கை எச்சம், சிலந்தி வலை, யாரோ போட்ட பீடித்துண்டு. பெரிய ஆபீசர் பார்த்தால் மானம் போகும். அதைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி வைக்கும்படி கன்னியப்பனிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே முடித்துவிடுவதாகச் சொன்னார். முடித்துவிட்டு அடுத்த நாள் லீவு போட்டு, டிப்போ திறக்கும்வரை சுட்டிக்கு நாலு கட்டு வைக்கோலாவது கிடைக்குமா என்று பொன்னேரிப் பக்கம் போவதாகத் திட்டம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, புது மனிதனாக மழைமானியிடம் போனேன். புனல் தகதகவென்று இருந்தது. குப்பியை எடுத்து அளவுக் கண்ணாடியில் ஊற்றினேன். பதினெட்டு மில்லிமீட்டர்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராத்திரி மழை பெய்திருக்கிறது! கீழே பார்த்தேன், மழைமானியைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? (ஒரு முழம் தள்ளி மண் காய்ந்து கிடந்ததே, அதைப் பார்க்க எனக்குக் கண் இல்லை.)

டீக்கடைக்காரர், ராத்திரி நான் வெளியில்தான் படுத்திருந்தேன், ஒரு சொட்டும் விழவில்லை என்றார். தூக்கத்தில் தெரிந்திருக்காது என்றேன். ஏதோ வேலையாக வந்திருந்த உப்பளத்துக்காரர் ஒருவர், ஒரு தூறல் போட்டாலும் என் பாத்தி எனக்குக் காட்டிக்கொடுத்துவிடும், மழையே இல்லை தம்பி என்றார். கருவி பொய் சொல்லாது ஐயா, மனிதர்கள்தான் சொல்வார்கள் என்றேன். என்ன திமிர் பாருங்கள். வானத்தின் கீழே படுத்தவனையும் வானத்தை நம்பிப் பிழைப்பவனையும் நம்பாமல், நாலு மாதம் எட்டிப் பார்க்காத டப்பாவை நம்பினேன். நேராகத் தபாலாபீஸ் போய்த் தந்தி கொடுத்தேன். பதினெட்டு மில்லிமீட்டர் மழை.

சனிக்கிழமை காலையில் பதில் தந்தி வந்துவிட்டது. மழை பெய்துவிட்டதால் திருவொற்றியூருக்கு டிப்போ தேவையில்லை. ஒதுக்கிய வைக்கோல் லாரி வேறு ஊருக்கு அனுப்பப்படுகிறது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் கன்னியப்பன் வந்தார். தலையில் ஒரே ஒரு வைக்கோல் கட்டு, அதுவும் பாதிக் கட்டு. நேற்று முழுக்க அலைந்ததற்கு அதுதான் கிடைத்ததாம். மழை பெய்ததால் டிப்போ போய்விட்டது என்று சொன்னேன்.

"இன்னாது, மழையா? எங்க பேஞ்சுது?"

"மழைமானியில் பதினெட்டு மில்லிமீட்டர் இருந்ததுண்ணே."

அவர் கட்டைக் கீழே இறக்கினார்.

"நைனா, அது நான் கய்வின தண்ணி. ஆபீஸ்ல தண்ணி இல்லன்னு, மாட்டுக்கு வெச்சிருந்த கொடத்துலந்து எத்தினு வந்து ஊத்துனேன்."

கழுவச் சொன்னவன் நான். குப்பியைக் கவிழ்த்து வைக்கச் சொல்லாதவனும் நான். அந்த மாடு குடிக்க வேண்டிய தண்ணீரை அளந்து, மழை என்று பெயர் வைத்து, அந்த மாட்டின் வைக்கோலையே திருப்பி அனுப்பிவிட்டேன்.

தெய்வானையக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் சாணி தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல கண்ணு. நீயே சுட்டியாண்ட சொல்லிட்டுப் போ" என்றார்.

சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். ஒரு அரசாங்க ஊழியன், இஸ்திரி போட்ட சட்டையோடு, எருமை முன்னால் நின்று, சுட்டி, வைக்கோல் வராது, தப்பு என் மேல்தான் என்று சொன்னேன். அது என் சட்டைக் கையை மோந்து பார்த்து, கவ்வி மென்று தின்ன ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கிருந்து தபாலாபீஸுக்கு ஓடினேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும், நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. சொல்லாவிட்டால் சுட்டி போகும். தந்தியில் கதை எழுத முடியாது. கடைசியில் எழுதிக் கொடுத்தது ரெண்டே வார்த்தை: ரெயின் கேன்சல்ட். தந்தி குமாஸ்தா ஃபாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, மழையை எப்படித் தம்பி ரத்து பண்ணுவே என்று கேட்டார். அனுப்புங்க சார் என்றேன்.

திங்கட்கிழமை காலை பெரிய ஆபீசரின் ஜீப் வந்து நின்றது. மழையை ரத்து செய்தவனைப் பார்க்கவே வந்ததாகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியப்பன் முந்திக்கொண்டு, சார் மேல தப்பு இல்லீங்க, தூசா இருந்துச்சுன்னு நானாத்தான் கழுவினேன் என்றார். நான் விடுவேனா, இல்லை சார், நான்தான் கழுவச் சொன்னேன் என்றேன். ரெண்டு பேரும் தப்புக்காகக் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார். போன மாதம் வரை தீவனம் போதுமானது, திடீரென்று பஞ்சம், பிறகு மழை, பிறகு மழை இல்லை. இதில் எதை நம்புவது, பழைய ஃபைலை எடு, மாட்டையும் காட்டு என்றார். ஃபைலில் என் நாலு மாத கார்பன் நகல்கள். இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

கன்னியப்பன் வீட்டு வாசலில் ஆபீசர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஃபைலைப் புரட்டி, ஒவ்வொரு தாளாகப் படித்தார். கால்நடைகள் நலம். கால்நடைகள் நலம். கால்நடைகள் நலம். பிறகு ஃபைலைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து, தெய்வானையக்காவிடம் சினை எத்தனை மாதம் என்று விசாரித்தார். திரும்பிப் பார்த்தால், சுட்டி கழுத்தை எட்டி நீட்டி, ஃபைலைக் கவ்வி, மாசி மாதத்தைத் தின்று முடித்துப் பங்குனிக்கு வந்திருந்தது. நான் பிடுங்கப் பாய்ந்தேன்.

"விடுய்யா," என்றார் ஆபீசர். "தீவனம் போதுமானதுன்னு எழுதினது நீதானே? அதுவே தின்னு பாத்துச் சொல்லட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான். சுட்டி மென்றுகொண்டே இருந்தது. அதற்கு மேல் அவர் விசாரணை எதுவும் செய்யவில்லை. வைக்கோல் திரும்ப ஏற்பாடு செய்யப்படும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

லாரி வர இன்னும் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் நான் ராயபுரத்திலிருந்து, எங்கள் தெருவில் வீடு வீடாக வாங்கிய அரிசிக் கழுநீரையும் காய்கறித் தோலையும் வாளியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர்கள் திட்டாத திட்டு இல்லை. லாரி வந்த மூன்றாம் நாள் சுட்டி கிடேரிக் கன்று போட்டது. பிழைக்குமா என்று ரெண்டு நாள் பயம். பிழைத்தது. எனக்குக் கிடைத்தது எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்.

வீட்டில் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. (வாளி விவகாரத்துக்கு, தர்ம காரியம் என்று சொல்லி வைத்திருந்தேன்.) ரெண்டு வருஷம் கழித்து ராயபுரத்தில் கோயிலில் எனக்குக் கல்யாணம். பூசை முடிந்து வெளியே வரும்போது நன்றாகத் தூறல் போட்டது. புதுப்புடவை நனைகிறதே என்று மணப்பெண் ஸ்டெல்லா தயங்கி நின்றாள். அப்போது சுட்டியின் பால் ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு வந்திருந்த கன்னியப்பன், ரெண்டு குடும்பமும் கேட்கும்படி சொன்னார்.

"பயப்படாத கண்ணு. உன் வூட்டுக்காரரு தந்தி குட்தாருன்னா மழ ரத்தாயிடும்."

கதை முழுவதும் பந்தியில் வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் வார்த்தைக்கு மதிப்பு இவ்வளவுதான்: மேகம் கறுக்குது, துணியை எடுங்க என்று நான் சொன்னால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். பேத்திகூட, தாத்தா ரத்து பண்ணிடுவாரு என்கிறாள். நானும் அதற்கெல்லாம் வாதாடுவதில்லை. வெளியே போய், கையை நீட்டி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டு, கொடியிலிருந்து துணியை நானே எடுத்துவிடுகிறேன்.