பன்னிரண்டு நொடிப் பச்சை விளக்கும் உங்கள் தங்கையும்

கருவடிக்குப்பம், புதுச்சேரி
புதன்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் கிருஷ்ணசாமி அவர்களுக்கு,

உங்கள் தங்கை அன்புசெல்வியின் வீட்டுக்காரன் சந்திரமோகன் வணக்கத்துடன் எழுதுவது. காரைக்காலில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்பு பரவாயில்லை, முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நான் போனில் கத்திப் பேசுகிறவன், உங்கள் தங்கை இங்கே அடுப்படியிலிருந்து என் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்வாள், நான் பேசி முடிக்கவே முடியாது. ஆகவே கடிதம். விஷயம் ஒன்றுதான். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, உங்கள் தங்கையைச் சைக்கிளிலிருந்து இறக்க வேண்டும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். நான் ரிட்டயர் ஆன மறுமாதம் எனக்குச் சர்க்கரை, அவளுக்கு மூட்டு வலி என்று இருவரும் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரே டாக்டரம்மா, ஒரே மேஜையில், என்னைத் தினம் நாற்பது நிமிஷம் நடக்கச் சொன்னார். அவளை ரொம்ப நடக்காதீங்க, முடிஞ்சா சைக்கிள் ஓட்டுங்க என்றார். ஐம்பத்தைந்து வயதில் சைக்கிளா என்று நான் அங்கேயே சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. எங்கள் சிந்துஜா கல்யாணமாகிச் சென்னைக்குப் போனபோது விட்டுப்போன சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. பக்கத்து வீட்டு தீபலட்சுமி, தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிற பெண், தினமும் சைக்கிளில் போய் வருபவள். அவள் எனக்குத் தெரியாமல் மூன்று வாரம் உங்கள் தங்கைக்கு மைதானத்தில் கற்றுக் கொடுத்திருக்கிறாள். நான் மத்தியானம் தூங்குகிற நேரம் பார்த்து!

இப்போது எங்கள் தெருமுனைப் பெரிய ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நடக்கிற பூங்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் அங்கே புதிதாகச் சிக்னல் வைத்து, நடப்பவர்களுக்கு வெள்ளைக் கோடுகளும், அதை ஒட்டிச் சைக்கிளுக்குப் பச்சைப் பட்டையும் போட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மோட்டார் பைக் நுழையக்கூடாது என்று இரண்டு முனையிலும் இரும்புக் கம்பம் நட்டுவிட்டார்கள். அதனால் நடப்பவரும் சைக்கிளும் ஒரே சந்தில் நுழைந்து ஒரே சந்தில் வெளியேற வேண்டும். பக்கத்தில் ஒரு போர்டு. அதில் மனிதன் படமும் சைக்கிள் படமும் ஜோடியாக நிற்கின்றன. யார் முதலில் போவது என்று போர்டு சொல்லவில்லை. வண்டிகளுக்குப் பச்சை விளக்கு இரண்டு நிமிஷம், எங்களுக்குப் பன்னிரண்டு நொடி. நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்.

ஒரு நாள் காலை ஆறேகால். நான் பாதி ரோட்டில் இருக்கிறேன், பின்னால் கிணுகிணுவென்று மணி. பதறிப் போய்ப் பக்கவாட்டில் ஒரு தாவு தாவினேன். தாவிய இடத்தில் மீன்காரம்மா ஆயம்மா கூடையோடு வந்துகொண்டிருந்தார். நான் கூடை மேலே, கூடை ரோட்டு மேலே. சங்கரா மீன் வெள்ளைக் கோடு நெடுகக் கிடக்கிறது. "இன்னா சார், இம்மாம் பெரிய ரோட்டுல உனக்கு வுழறதுக்கு எங் கூடைதான் கெடச்சுதா?" என்று ஆயம்மா கத்த, சிக்னல் சிவப்பாக, பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடிக்க, மணி அடித்த மகாபாவி யார் என்று நிமிர்ந்து பார்க்கிறேன். உங்கள் தங்கை! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிந்துஜாவின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, "ஓரமா போகக் கூடாதாங்க?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போகிறாள், மச்சான். அப்புறம் கேட்டால், நிறுத்தினால் மறுபடி ஏறத் தெரியாதாம்.

நான் சும்மா இருப்பேனா? முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் மனு வாங்கியவன், முதல் தடவையாக மனு எழுதினேன். "மேற்படி இடத்தில் சைக்கிள் ஓட்டிகள் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்ல உத்தரவிட வேண்டும்." எதிர்வீட்டு உத்திராபதி முதல் கையெழுத்துப் போட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சொல்தா பென்ஷன் வாங்குகிறவர் அவர். "பிரான்ஸ்ல சைக்கிள்காரன் நின்னு பர்தோன், மன்னிக்கணும்னு சொல்லிட்டுத்தான் போவான் தெரியுமா? நாமதான் பழக்கிக் குடுக்கணும்" என்றார். மறுநாள் பழக்கிக் கொடுக்கப் போய், குறுக்கே வந்த ஒவ்வொருவருக்கும் பர்தோன் சொல்லி வழிவிட்டு, நாலு சிக்னல் வரைக்கும் இந்தக் கரையிலேயே நின்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இப்படி அலைந்து அலைந்து முப்பத்தொரு கையெழுத்து வாங்கினேன்.

அன்று சாயந்திரமே உங்கள் தங்கை எதிர் மனு எழுதினாள். "இறங்கச் சொல்லக் கூடாது" என்று. தீபலட்சுமி அதைப் பட்டறை பட்டறையாகக் கொண்டுபோனாள். இருநூற்றுப் பதினாலு கையெழுத்து! என்னிடமே வந்து நியாயம் வேறு கேட்டாள்: "இறங்கித் தள்ளுனா பாதிலயே சிவப்பு வுழுந்துடும் சார். அடுத்த பச்சைக்கு நின்னா பட்டறையில கேட் சாத்திடுவாங்க. நீங்க வாக்கிங் போறீங்க, நாங்க வேலைக்குப் போறோம்." ஒரு சின்னப் பெண் எனக்கே நியாயம் சொல்லிவிட்டாளே என்ற கோபத்தில், வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம், "உன் வயசுக்கு இது தேவையா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. பதினோரு நாள். சாப்பாடு மேஜைக்கு வரும், அவள் வரமாட்டாள். உப்பு வேண்டுமானால் சிந்துஜாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுத வேண்டும். அவள் சென்னையிலிருந்து அம்மாவுக்கு எழுதுவாள். அப்புறம் உப்பு வரும். ரசம் ஆறிவிடும்.

போன திங்கட்கிழமை, இரண்டு மனுவையும் விசாரிக்க ராஜ்கமல் என்று ஓர் இளம் இன்ஜினியர் டேப்போடு வந்தார். இந்தப் பக்கம் நானும் உத்திராபதியும் எங்கள் ஆட்களும், அந்தப் பக்கம் உங்கள் தங்கையும் தீபலட்சுமியும் ஒரு பட்டாளமே சைக்கிளோடு. "எல்லாரும் ஒரு தடவ சாதாரணமா கிராஸ் பண்ணிக் காட்டுங்க" என்றார் அந்தப் பிள்ளை. பச்சை விழுந்தது. இரண்டு கூட்டமும் நடுவில் முட்டிக்கொண்டன. யாரும் வழிவிடவில்லை. பன்னிரண்டு நொடி முடிந்தது. இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் புறப்பட்டுவிட்டன. ரோட்டு நடுவிலிருக்கிற ஒரு முழ அகலத் திட்டின் மேல் நாற்பது பேர், சைக்கிள்கள், ஆயம்மா கூடை, டேப்பைப் பிடித்தபடி இன்ஜினியர் எல்லோரும் ஏறி நிற்கிறோம். "எல்லாரும் மூச்ச உள்ள இழுங்க!" என்று ஆயம்மா சத்தம் போட்டார். உங்கள் தங்கை சைக்கிளின் பின் சக்கரம் மட்டும் திட்டுக்குக் கீழே இருந்தது. லாரி ஒன்று அதை உரசி இழுத்தது, மச்சான். அவள் ஹேண்டில்பாரை விடவில்லை. நான் அவளை இடுப்போடு பிடித்து இழுத்தேன். சைக்கிள் போய் ரோட்டில் விழுந்தது. நாங்கள் இருவரும் உத்திராபதி மேல் விழுந்தோம். என் முழங்கைச் சிராய்ப்பு அப்படி வந்ததுதான்.

"விட்டுத் தொலச்சா என்ன? சைக்கிள்தானே?" என்று கத்தினேன். அந்த இரண்டு நிமிஷச் சிவப்பில், அத்தனை பேர் நடுவில், பதினோரு நாளைக்கு அப்புறம் அவள் வாய் திறந்தாள். "எட்டாவது படிக்கும்போது எங்க அண்ணங்கிட்ட சைக்கிள் கேட்டேன். பொட்டப் புள்ளைக்கு எதுக்குன்னுட்டாரு. நாலு கிலோமீட்டர் நடந்தேங்க, தெனமும். இப்ப ஒங்க வாயிலயும் அதேதான் வருது." மச்சான், இதை எனக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் சொன்னதில்லை. நீங்களும் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் இந்தத் தொல்லைக்கெல்லாம் மூல காரணம் நீங்கள்தான் என்று ஆகிறது. உங்கள் சைக்கிளை அன்றைக்கே கொடுத்துத் தொலைத்திருந்தால், அவள் ஓட்டி அலுத்துப்போய் என் வீட்டுக்கு வந்திருப்பாள்!

எது எப்படியோ, முப்பத்தொரு பேர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சக்கரத்தை நிமிர்த்த ஆள் பார்த்தாயிற்று என்று காலையில் அவள் போனில் பேசியது காதில் விழுந்தது. அந்த லாரி உரசியதிலிருந்து, ரோட்டில் ஹாரன் கேட்டால் நான் வாசலுக்கு ஓடுகிறேன். நான் சொன்னால் கேட்கமாட்டாள். சைக்கிள் தராமல் இருப்பதில் நம் குடும்பத்தில் அனுபவம் உள்ளவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் அவசியம் வந்து சேரவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று, அகலமான ரோடு இல்லாத ஊரில் வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த
சந்திரமோகன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மூன்று நாள் ஆகிறது. தபாலில் போடுவதற்குள் இன்ஜினியரின் முடிவு வந்துவிட்டது. நடப்பவரும் சைக்கிளும் ஒத்துப்போகாததால், இரண்டு பேரும் ரோட்டிலேயே இறங்கக் கூடாதாம். வெள்ளைக் கோடுகளை அழித்துவிட்டு, மேலே இரும்புப் பாலம் கட்டப் போகிறார்களாம். அறுபத்தெட்டுப் படி. மூட்டு வலிக்காரி ஏற முடியாது, சைக்கிளைத் தூக்க முடியாது, ஆயம்மா கூடையோடு நினைத்தே பார்க்க முடியாது. நேற்றே இரண்டு மனுவின் நகலையும் கிழித்துப் போட்டு ஒரே மனுவாக எழுதிவிட்டோம்: பாலம் வேண்டாம், கம்பத்தை எடு, பச்சையை நாற்பது நொடி ஆக்கு. அன்புசெல்வி தலைவர், நான் செயலாளர். எழுத்துப் பிழை அதிகம் என்று நான் எழுதியதை மூன்று முறை திருப்பி அனுப்பினாள். ஆகவே அவளைச் சைக்கிளிலிருந்து இறக்கத் தாங்கள் வர வேண்டாம். கையெழுத்துப் போட வரவும். நாளை மறுநாள் இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு மனு கொடுக்கிறோம். பஸ் உங்களை எதிர்ப்பக்கம்தான் இறக்கிவிடும். தயவுசெய்து தாங்களாக ரோட்டைக் கடக்க வேண்டாம். அங்கேயே நில்லுங்கள். நாங்கள் இரண்டு பேரும் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம்.