ஃபுல்லு அண்ணனின் மிச்ச வெயில்

குன்னம் வட்டாரத்திலேயே ஒரு சொட்டுகூடக் குடிக்காமல், தினமும் காலை பதினோரு மணிக்கெல்லாம் 'ஃபுல்' ஆகிவிடுகிற ஒரே மனிதர் ஃபுல்லு அண்ணன்தான். நிஜப்பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கேட்டால் ஊரில் யாருக்கும் ஆளைத் தெரியாது.

நான் அப்போது குன்னத்தில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்தேன். ஊர்க்கடைசியில் வாடகை வீடு. அதை ஒட்டி அண்ணனுடைய வெங்காயக் கொல்லை, கொல்லை நடுவில் அவர் வீடு. மனைவி தவறிச் சில வருஷம் ஆகியிருந்தது. அவரும் மகள் தேன்மொழியும்தான். அந்த வீட்டுக்கு கரண்டு கம்பி வரவில்லை. நடுவே இருந்த பங்காளி, தன் கொல்லையில் கம்பம் நட விடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். அப்புறம் கோபம் வந்து, மாடி முழுக்க சோலார் பேனல் மாட்டி, முன்னறையில் பேட்டரிகளை அடுக்கிவிட்டார். கோபம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் பேனலும் தேவைக்கு மேல் கூடிவிட்டது.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து வெயிலுக்கு பேட்டரி பதினோரு மணிக்குள்ளேயே நிறைந்துவிடும். அதற்கு மேல் வருகிற கரண்டைச் சேர்த்துவைக்க இடமில்லை, வெளியே அனுப்பக் கம்பியும் இல்லை. அந்த நேரத்தில் எதையாவது ஓடவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் வீண். இலையில் ஒரு பருக்கை மிஞ்சினாலே திட்டுகிற மனுஷன் இதை எப்படித் தாங்குவார்? பேட்டரி நிறைந்ததைக் காட்டுகிற பச்சை விளக்கு எரிந்ததும் வாசலுக்கு ஓடி வந்து, கையை வாயில் குவித்துக்கொண்டு கொல்லைவெளி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார்.

"ஃபுல்லாயிடுச்சு! வாங்க, வாங்க! ஃபுல்லு!"

களை எடுக்கிற பெண்கள் ஊறவைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு கிரைண்டருக்கு ஓடுவார்கள். நான் சட்டைகளோடு அயன் பாக்ஸுக்கு ஓடுவேன். சும்மா ரோட்டில் போகிறவனையும் விடமாட்டார்.

"தம்பி, போனைக் கொடு, சார்ஜ் போடுறேன்."

"நூறு பர்சென்ட் இருக்குங்க."

"பரவால்ல, கொஞ்ச நேரம் பாட்டு கேளு. எறங்குனதும் போட்டுக்கலாம்."

கிரைண்டரும் அயன் பாக்ஸும் ஒரே நேரத்தில் ஓடினால் எல்லாம் நின்றுபோகும். அதனால் சுவிட்சுப் பலகைக்குக் கீழே ஸ்டூல் போட்டு, டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கம்பம் நட விடாத பங்காளிகூட ஒருநாள் கல்யாணத்துக்குப் போக வேட்டி சட்டையோடு வந்து நின்றார். அண்ணன் வாங்கித் தேய்த்துக் கொடுத்தார். காலர் மட்டும் மறுபடி ஒருமுறை.

"இன்னொரு பேட்டரி வாங்கிப் போட்டுடலாமேண்ணே" என்று ஒருநாள் யோசனை சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வாங்குனா அதுவும் ஃபுல்லாயிடுமே சார்!"

இப்படிக் கத்திக் கத்தி வந்த பெயர்தான் தேன்மொழியின் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது. திருமழபாடியிலிருந்து பெண் பார்க்க ஒரு வேனில் வந்தார்கள். குன்னம் டீக்கடையில் வழி கேட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "நம்ம ஃபுல்லு வூடா? இப்பயே போயிடுங்க. பதினோரு மணி ஆச்சுன்னா ஃபுல்லாயிடுவாரு, அப்பறம் ஒரே சத்தமா இருக்கும்." வேன் அப்படியே திரும்பிவிட்டது.

கேசரி கிண்டி வைத்துவிட்டு அப்பாவும் மகளும் சாயங்காலம் வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அண்ணன் பச்சை விளக்கின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். மறுநாள் கத்தவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் தேன்மொழியே துண்டை உருவிப் போட்டாள். "இதுக்காக வராதவங்க எனக்கு வேணாம்ப்பா. நீ கூப்புடு."

அந்த வாரமே ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கிற, திரும்பிப் போன வீட்டு மாப்பிள்ளைப் பையன், வீட்டுக்குச் சொல்லாமல் தானே பார்த்துவிட வந்தான். ஷிப்ட் முடிந்த கையோடு சட்டையெல்லாம் தூசி. அண்ணனுக்கு ஆள் தெரியவில்லை. மிச்சக் கரண்டுக்கு ஒரு ஆள் கிடைத்தான் என்பதுதான் தெரிந்தது. சட்டையைக் கழற்றி வாங்கி, அலசிக் காயவைத்து, தேய்த்தார். நேருக்கு நேர் பேனைத் திருப்பி வைத்தார். மிக்ஸியில் மோர் அடித்துக் கொடுத்தார். டிரிம்மரை எடுத்துக் கிருதாவைச் சரிசெய்யப் போனபோதுதான் பையன், "மாமா, நான் திருமழபாடிங்க" என்றான். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பையன் வீட்டில் போய்ச் சொன்னது இவ்வளவுதான்: "அவரு குடிக்கிறவரு இல்லம்மா, குடுக்கிறவரு."

கல்யாணம் நடந்தது. தேன்மொழி திருமழபாடிக்குப் போனாள். வீட்டில் ஒரு ஆள் குறைந்ததும் பேட்டரி இன்னும் சீக்கிரம் நிறைய ஆரம்பித்தது. அவள் அறை பேனைக் காலையிலிருந்து ஓடவிட்டு, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மத்தியானம் என்னிடம் கேட்டார்.

"சார், இந்த மிச்சத்தத் திருமழபாடிக்கு அனுப்ப வழி இருக்கா?"

"கம்பி இல்லையேண்ணே."

"கொஞ்சம் போனாக்கூடப் போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன பேட்டரியை நிறைய சார்ஜ் ஏற்றி, சாக்கில் கட்டி, பேட்டரியில் ஓடுகிற ஒரு டேபிள் பேனோடு பஸ் ஏறினார். துணைக்கு நானும் போனேன். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னா பெரியவரே?"

"வெயிலுங்க. எம்பொண்ணுக்கு."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகள் வீட்டில் ஈ.பி. கரண்டு, இன்வெர்ட்டர், சீலிங் பேன் எல்லாம் இருந்தது. ஆனாலும் தேன்மொழி சாக்கைப் பிரித்து, பேட்டரியைக் கட்டில் ஓரம் வைத்து, டேபிள் பேனை மாட்டி, சுழல்கிற சீலிங் பேனை அணைத்தாள். மாப்பிள்ளை எதற்கு என்று கேட்டார். "இது எங்க வூட்டுக் காத்துங்க" என்றாள். அண்ணன் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வர ரொம்ப நேரம் ஆனது.

அப்புறம் எனக்கு வேலை மாற்றலாகி நான் ஊரை விட்டு வந்துவிட்டேன். போன மாசம் அரியலூருக்கு ஒரு வேலையாகப் போனவன், திருமழபாடிக்கும் போனேன். முழங்கால் போய்விட்டதால் அண்ணன் இப்போது மகளோடு இருக்கிறார். குன்னத்துக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டாயிற்று.

பஸ் நிற்கிற கொள்ளிடக் கரைவரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். மணல்மேல் வெயில் கண்ணைக் கூசவைத்தது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"எல்லாம் நல்லாதான் பாத்துக்குறாங்க சார். காலைல வெயில் வந்துடுது. எனக்குத்தான் ஒரு வேலையும் இல்ல."

அரியலூர் பஸ் வந்து ஹாரன் அடித்தது. "போயிட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு, என் தோளிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை. பஸ் போய்விட்டது.