கடல் நாகத்துக்கு நின்ற கூட்டம்

கடல் நாகம் என்ற ரோலர் கோஸ்டர் பாதி ஏற்றத்தில் நின்றது. விக்கல் வந்த மாதிரி இரண்டு முறை குலுங்கியது. அப்புறம் அசையவே இல்லை. நல்லவேளையாக உள்ளே ஆள் யாரும் இல்லை. உள்ளே ஆள் இல்லாததுதான் சாண்டர்பி கேளிக்கைப் பூங்காவின் நெடுநாள் வியாதியும்கூட.

"நெவில்! என்னப்பா ஆச்சு?" என்று கீழேயிருந்து கத்தினார் டெரிக் ஓல்ட்ராய்ட். பூங்காவின் மேலாளர் அவர்தான்.

"சங்கிலி பல்சக்கரத்தை விட்டு நழுவிடுச்சு பாஸ்!" மேலேயிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் இறங்கி வந்தது. "சரிபண்ண மத்தியானம் ஆயிடும்!"

"மத்தியானம் அந்த அம்மா வந்து பாத்துட்டு ஊருக்கே திரும்பிப் போயிருப்பாங்க!"

"அப்ப அவங்களைக் கொஞ்சம் மெதுவா வரச் சொல்லுங்க!"

அந்த அம்மா என்பது லண்டனிலிருந்து வரும் மிஸ் பென்ரோஸ். பூங்காவில் பணம் போடலாமா வேண்டாமா என்று பார்க்க வருகிறார். போட்டால் பூங்கா பிழைக்கும். போடாவிட்டால் சுற்றுலா கேரவன் வண்டிகளை நிறுத்த இடம் கேட்கிறவர்களிடம் நிலத்தை விற்றுவிடுவதாகப் பூங்காவின் சொந்தக்காரி மிஸஸ் ட்ரிங்கம் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

"கடற்கரையை விட்டு உள்ள தள்ளி அமெரிக்காக்காரன் ஒரு பார்க் கட்டறானாம் டெரிக். எரிமலையே வைக்கப் போறானாம். அதுக்கப்புறம் உன் பாம்பைப் பாக்க எவன் வருவான்?" என்று கேட்டிருந்தார் அவர்.

டெரிக்கிடம் ஒரு யோசனை இருந்தது. பக்கத்துத் தோர்ப்பி ஊரில் பெரிய பாடகர் குழு ஒன்று உண்டு. அதன் தலைவி டாஃப்னி கிளெக்கிடம் தொலைபேசியில் பேசி, குழுவை முழுசாக வரச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வந்து கூட்டம் மாதிரி நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சாயங்காலம் எல்லாருக்கும் மீனும் சிப்ஸும்.

"ஆனா ஒண்ணு, டாஃப்னியம்மா. சேர்ந்து வந்த மாதிரி தெரியக்கூடாது. குடும்பம் குடும்பமா, யாரோ எவரோ மாதிரி இருக்கணும். என்கிட்டயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது."

"எங்க ஆளுங்க நடிப்புல புலி, மிஸ்டர் ஓல்ட்ராய்ட்! கிறிஸ்துமஸ் நாடகத்துல ஒட்டகமா நடிச்சவங்க!"

அன்று மே மாதக் கடைசித் திங்கள். நாட்டுக்கே விடுமுறை என்பதால் மழை தவறாமல் தூறிக்கொண்டிருந்தது. கடல் நாகத்தின் வாசல் கூரைக்கு அடியில் ஒரு தம்பதி ஒதுங்கி, சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டுக்காரர் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள்.

டெரிக்கின் முகம் மலர்ந்தது. வந்துவிட்டார்கள்! நேரம் தவறாத குழு!

சீட்டுக் கூண்டிலிருந்து பெரில் தலையை நீட்டினாள். சீட்டு, தேநீர், காணாமல்போன குழந்தை எல்லாம் அவள் பொறுப்பு. "ஏம்பா டெரிக், இவங்க சீட்டுக்குக் காசு குடுக்கறாங்களே!"

"வாங்கிக்கோ. நடிப்புல அப்படி ஊறிப் போயிருக்காங்க. தனியா ஒரு பையில போட்டு வை, சாயங்காலம் திருப்பிக் குடுத்துடலாம்."

"ஒருத்தர் கழிவறை எங்கேன்னு கேட்டார்."

"பாத்தியா? எவ்வளவு நுணுக்கம்!"

மிஸ் பென்ரோஸ் வந்து சேர்ந்தபோது வரிசை வாசலைத் தாண்டி, பஞ்சுமிட்டாய்க் கடைவரை போயிருந்தது. ஆனால் அவர் நேராக மாடி அலுவலகத்துக்குப் போய்க் கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்துவிட்டார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கடல் நாகத்தின் உச்சி தெரியும். வரிசை தெரியாது.

டெரிக்குக்குப் புதுக் கவலை. ரோலர் கோஸ்டர் இருக்கிறது, கூச்சல் இல்லை. சந்தேகம் வராதா?

வரிசைக்கு ஓடி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தாங்க, எல்லாரும் கேளுங்க. கத்தணும்."

"எதுக்குக் கத்தணும்?" என்றாள் சாண்ட்விச் அம்மா.

டெரிக் கண்ணைச் சிமிட்டினார். "சும்மா. மலைமேலேர்ந்து விழற மாதிரி. மேல்குரல் பாடறவங்க இந்தப் பக்கம். கட்டைக் குரலெல்லாம் அந்தப் பக்கம். நான் கையைத் தூக்கினா ஏறணும், இறக்கினா நிறுத்தணும்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவப்புக் கோட்டுக்காரர் தொண்டையைக் கனைத்து, "நான் கட்டைக் குரல்" என்று அந்தப் பக்கம் நகர்ந்தார். மற்றவர்களும் தயக்கத்தோடு பிரிந்தார்கள்.

டெரிக் கையைத் தூக்கினார்.

எழுந்த அலறலில், கூரைமேல் உட்கார்ந்திருந்த கடற்காகங்கள் மொத்தமாகக் கிளம்பின. மேலே நெவில் கையிலிருந்த ஸ்பேனரைத் தவறவிட்டான். கடற்கரையில் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று பூங்காவுக்குள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் வரிசையைப் பார்த்தார்கள். வரிசையைப் பார்த்த பிறகு என்ன செய்வார்கள்? போய்க் கடைசியில் நின்றார்கள்.

"கட்டைக் குரல்ல சுரத்தே இல்ல!" டெரிக் அதட்டினார். "தோர்ப்பியிலேர்ந்து இதுக்குத்தானா வந்தீங்க?"

"நான் லீட்ஸ் ஊர்க்காரன்" என்றார் சிவப்புக் கோட்டுக்காரர்.

"அதேதான்! அப்படியே சொல்லிட்டு இருங்க!" டெரிக் அவர் தோளைத் தட்டினார். "ஒண்ணு பண்ணுங்க. கோட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டுக் கடைசியில போய் நில்லுங்க. இன்னொரு ஆள் மாதிரி இருக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கோட்டைத் திருப்பினார். உள்பக்கம் பச்சைக் கட்டம் போட்டிருந்தது. கடைசிக்குப் போனவர், அங்கிருந்து ஃபோனில் யாரையோ அழைத்து, "மச்சான், உடனே புள்ளைங்களைக் கூட்டிட்டு வா. இங்க ஒரு கிறுக்கன் இருக்கான். சூப்பரா இருக்கு!" என்றார்.

டெரிக் சாண்ட்விச் தம்பதியிடம் திரும்பினார். "நீங்க ரொம்ப அமைதியா இருக்கீங்க. விடுமுறைக்கு வந்த குடும்பம்னா கொஞ்சம் சண்டை வேணாமா?"

"அதுக்கு ஒத்திகை வேணாம்" என்றார் கணவர்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

அடுத்த பத்து நிமிடம் அங்கே நடந்ததை வரிசை மொத்தமும் எட்டி எட்டிப் பார்த்தது. அவளுடைய அம்மா வீட்டுக்குப் போன பழைய கிறிஸ்துமஸ்வரை போனது சண்டை. கடைசியில் கணவர் மன்னிப்புக் கேட்க, சனம் கைதட்டியது. இந்த அளவுக்குத் திறமையான ஆட்களை வெறும் மீனுக்கும் சிப்ஸுக்கும் கூப்பிட்டோமே என்று டெரிக்குக்கு வெட்கமாகவே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மிஸ் பென்ரோஸ் கீழே இறங்கி வந்தார்.

"மிஸ்டர் ஓல்ட்ராய்ட், கூச்சல் நல்லாக் கேட்டுது. வண்டி ஓடற சத்தம்தான் கேக்கவே இல்லையே?"

"எண்ணெய், மேடம். எண்ணெய் விஷயத்துல நாங்க கஞ்சத்தனமே பண்ண மாட்டோம்."

அவர் வரிசையைப் பார்த்தார். அது பேய்வீட்டைச் சுற்றிக் கழுதைச் சவாரிவரை வளைந்து கிடந்தது. அவருடைய புருவம் ஏறியது. "நானும் ஒரு தடவை ஏறிப் பாக்கறேன்."

டெரிக்குக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "வாங்க, முதல்ல ஏத்திடறேன்" என்று வாசல் பக்கம் நடந்தார். அங்கே போனதும் நெவில் ஏதாவது சாக்குச் சொல்லட்டும்.

"அம்மணி!" சாண்ட்விச் அம்மா குறுக்கே கையை நீட்டினாள். "வரிசைன்னு ஒண்ணு இருக்கு, கண்ணு."

டெரிக் அவள் காதருகே குனிந்தார். "இவங்கதாங்க அந்த அம்மா!"

"எந்த அம்மாவா வேணா இருக்கட்டும். கடைசியிலதான் நிக்கணும்."

"கடைசி! கடைசி!" என்று பின்னாலிருந்து குரல்கள் எழுந்தன. மேல்குரலும் கட்டைக் குரலும் சுருதி சேர்ந்தே ஒலித்தன.

போச்சு, எல்லாம் போச்சு என்று டெரிக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, மிஸ் பென்ரோஸ் குடையை மடக்கிக்கொண்டு கழுதைச் சவாரியை நோக்கிச் சாதுவாக நடந்துகொண்டிருந்தார்.

டெரிக் ஏணியில் தாவி ஏறினார். "நெவில், அந்தம்மா வரிசையில நிக்கறாங்க! என் வேலை, உன் வேலை, பெரில் வேலை, மூணும் இந்தச் சங்கிலியிலதான் தொங்குது!"

"அப்ப பேசாம இந்தப் பக்கத்தைப் பிடிங்க பாஸ்."

பிடித்தார். இழுத்தார். கிரீஸ் முழங்கைவரை ஏறியது. கீழே பெரில் வரிசை நெடுகத் தேநீர்க் கெண்டியோடு நடந்தாள். டெரிக் இல்லாததால், பச்சைக் கட்டக் கோட்டுக்காரர் தானே கையைத் தூக்கிக் கூட்டத்தைக் கத்த வைத்தார். ஒரு அலறலில் மிஸ் பென்ரோஸின் குரலும் கலந்திருந்த மாதிரி டெரிக்குக்குப் பட்டது. பிரமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சங்கிலி 'டக்' என்று பல்லில் உட்கார்ந்தது.

நெவில் தண்டவாளத்தைத் தடவித் தட்டிப் பார்த்தான். ஆளில்லாமல் சில தடவை வண்டியை ஓட்டிப் பார்த்தான். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தான். கடல் நாகம் கடகடவென்று ஏறி, உச்சியில் ஒரு கணம் யோசித்து, கடலைப் பார்த்துக் குப்புற விழுந்தது. இந்தத் தடவை யாரும் கையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

மிஸ் பென்ரோஸின் முறை வந்தபோது மழை விட்டிருந்தது. இறங்கி வந்தவரின் கொண்டை அவிழ்ந்து ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதைச் சரிசெய்யக்கூடத் தோன்றாமல், அலுவலக வாசலிலிருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த எரிமலைப் பார்க் வந்தா சின்னப் பார்க்கெல்லாம் செத்துப் போயிடும்னுதான் லண்டன்ல எல்லாரும் சொல்றாங்க" என்றார். "நானும் அப்படித்தான் நெனச்சு வந்தேன். ஆனா வரிசையில எனக்கு முன்னாடி நின்ன அம்மா யாருன்னே தெரியாது. பாதி கேக்கைப் பிச்சு எனக்குக் குடுத்தாங்க. எரிமலையில இது கிடைக்குமா? இருக்கற பணத்தை எரிமலைக்கு எதிரா எரிமலை கட்டறதுல போடாம, இங்க போடலாம்னு எழுதப் போறேன்."

டெரிக் பூங்காவைப் பார்த்தார். இரண்டாம் முறை ஏறுவதற்குச் சனம் மறுபடியும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. சாண்ட்விச் கணவர் மனைவிக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு நன்றாக நடிக்கிறார்களே என்ற எண்ணம்தான் அவரை உறுத்தியது. இந்தப் பெண்மணி நேர்மையாக வரிசையில் நின்றவர். இவரை ஏமாற்ற மனசு வரவில்லை.

"மேடம், எழுதாதீங்க" என்றார்.

"ஏன்?"

"இது கூட்டமே இல்ல. தோர்ப்பிப் பாடகர் குழு. நான்தான் ஃபோன் பண்ணி வரவழைச்சேன். உங்களைத் தடுத்த சாண்ட்விச் அம்மா, கோட்டுக்காரர், கத்தினவங்க, எல்லாமே ஏற்பாடு. நாளைக்கு நீங்க வந்தா இங்க கடற்காகம்தான் நிக்கும்."

மிஸ் பென்ரோஸ் கொண்டையை மெதுவாக முடிந்துகொண்டார்.

"பொய்க் கணக்கு நிறையப் பாத்திருக்கேன், மிஸ்டர் ஓல்ட்ராய்ட். பொய்க் கூட்டத்தை இன்னைக்குத்தான் பாக்கறேன்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நிஜத்தைச் சொன்னதுக்கு நன்றி. ஆனா, இனிமே நான் என்ன எழுத முடியும்?"

"தெரியும் மேடம்." டெரிக்கும் எழுந்து நின்றார். மனசு கனத்தாலும் என்னவோ மூச்சு சீராக வந்தது. "அந்தச் சங்கிலியாவது இன்னும் பத்து வருஷத்துக்குத் தாங்கும்."

"டெரிக்!" அலுவலகத்துக்குள்ளிருந்து பெரில் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "தோர்ப்பியிலேர்ந்து டாஃப்னியம்மா! காலையிலேர்ந்து முயற்சி பண்றாங்களாம், லைனே கிடைக்கலையாம்!"

கையெல்லாம் கிரீஸ். டெரிக் முழங்கையால் ஃபோனின் பொத்தானை அழுத்த, ஒலிபெருக்கியில் டாஃப்னி கிளெக்கின் குரல் பூங்காவுக்கே கேட்கிற மாதிரி ஒலித்தது:

"மிஸ்டர் ஓல்ட்ராய்ட், எந்த முகத்தோட மன்னிப்புக் கேக்கறதுன்னே தெரியலை! காலையில எங்க பஸ் ஊர் எல்லையிலேயே படுத்துடுச்சு, எங்கள்ல ஒருத்தர்கூட அங்க வந்து சேரலை. ஐயோ பாவம், ஆளே இல்லாம நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"