இடது பக்கம் திரும்பாத ஜாய்ஸ்டிக்

கம்ப்யூட்டர் திரையில் கார் மறுபடியும் சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

"இடது பக்கம் திரும்பவே மாட்டேங்குதே அத்தான்," என்றான் மச்சினன்.

"திரும்பும்டா. முப்பது வருஷத்துப் பொருள். கொஞ்சம் மரியாதையாக் கேட்கணும்."

மரியாதையாகக் கேட்டுப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தார். ஜாய்ஸ்டிக்கோடு தன் உடம்பையும் சேர்த்து இடது பக்கம் சாய்த்து, நாற்காலியிலிருந்து விழப்போய்த் தப்பினார். கார் திரும்பவில்லை.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர் அவர். கடையில் எல்லாருக்கும் முதலாளி. வீட்டில் அவருக்குப் பெயர் 'ஒரிஜினல்'. குடை வாங்கினாலும் ஒரிஜினலா என்று கேட்பார், குண்டூசி வாங்கினாலும் கேட்பார். மனைவி வைத்த பெயர் அது, பொருத்தமாக ஒட்டிக்கொண்டது.

இன்று அவருக்குச் சோதனை நாள். ரிட்டையரான பஸ் டிரைவரான மாமனார், இனி இங்கேயே இருப்பது என்று காலையில் வந்து இறங்கிவிட்டார். அவருடைய கட்டில் ஹாலில் சுவரோரமாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதை நிம்மதியாகப் போட ஒரே ஒரு இடம்தான் உண்டு. பின்னறை. அந்தப் பின்னறையில்தான் ஒரிஜினலின் பழைய கம்ப்யூட்டரும், அதன் பெட்டிகளும், அவருடைய உயிரும் இருந்தன.

"உங்க பழசை எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போட்டுருங்க," என்று மனைவி சொல்லியிருந்தாள். "தம்பிதான் புதுசா வாங்கிட்டு வந்திருக்கானே. உள்ளங்கையளவு டப்பா, ஒரு ஜாய்ஸ்டிக். அதே விளையாட்டெல்லாம் அதுலயே இருக்காம்."

"விளையாட்டு இருக்கும். கைப்பிடி? பழசுல உள்ளே இரும்புத் தண்டு. அசைச்சா டிக்குன்னு பதில் சொல்லும். இவன் வாங்கினதுல வெறும் ரப்பர். பழைய சோத்துல கரண்டி விட்ட மாதிரி இருக்கு."

"அப்படியா? ரெண்டையும் உங்க மெஷின்லயே மாட்டி ஓட்டுங்க. பழசு ஜெயிச்சா ரூம் உங்களுக்கு, அப்பா ஹால்ல படுத்துக்கட்டும். புதுசு ஜெயிச்சா நீங்க வாயே திறக்கக் கூடாது."

சவால் விட்டபோது ஒரிஜினலுக்கு ஏகக் குஷி. அந்த ஜாய்ஸ்டிக்குக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிருக்கும் என்று அவர் கனவா கண்டார்?

"ஒரு நிமிஷம். சுத்தம் பண்ணிட்டா சரியாயிடும்," என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

மூக்குக்கண்ணாடிக்குப் பொடி ஆணி போட்டுப் போட்டுப் பழகிய கை. ஆனால் பதற்றத்தில் எந்தக் கைதான் சொன்ன பேச்சைக் கேட்கிறது? மூடியைத் திறந்ததும் பட்டனின் ஸ்ப்ரிங் துள்ளிக் குதித்து பீரோவுக்கு அடியில் போய்விட்டது. பீரோவை நகர்த்தினார்கள். ஸ்ப்ரிங்கைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது. மனைவி இரண்டு மாதமாகத் தேடிய கொலுசுகூடக் கிடைத்தது.

"பழசால ஒரு உபயோகம் ஆச்சு," என்றாள் அவள்.

பேனாவை உடைத்து அதன் ஸ்ப்ரிங்கைப் போட்டார். பட்டன் உள்ளே போனது, வெளியே வரவில்லை. நெம்பினார். பட்டன் வெளியே வந்தது, வலது பக்கம் வேலை நிறுத்தம் செய்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததில் ஒரு ஒயர் கையோடு வந்துவிட்டது. அதைப் பற்றவைத்து, மூடி, நிமிர்ந்து பார்த்தால் மேஜைமேல் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது.

"இது எங்கே போகணும் அத்தான்?"

"அது... உபரி. அந்தக் காலத்துல தாராளமாப் போடுவாங்க."

பின்னறையின் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் மாமனார் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தூக்கத்திலும் அவர் கை இரண்டும் ஸ்டியரிங் பிடிப்பதும், வலது கால் தரையை அழுத்துவதும் அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் பழகிப்போன காட்சி.

"அப்பா மலைப்பாதையில ஏறுறார் போல," என்று மச்சினன் சிரித்தான்.

"முதல்ல உன் பொம்மையை ஓட்டிக் காட்டு," என்றார் ஒரிஜினல், நேரம் கடத்த.

மச்சினன் புது ஜாய்ஸ்டிக்கை மாட்டி ஓட்டினான். மூன்றாவது வளைவு வரைக்கும் போனான். பரவாயில்லை ரகம். தன்னுடையது முதல் வளைவையே தாண்டுமா என்று ஒரிஜினலுக்கே சந்தேகம்.

"சரி, அதைக் கழட்டிட்டு என்னோடதை மாட்டு," என்றவர், மச்சினன் கையில் இருந்ததைப் பிடுங்கினார். மேஜை முழுக்கப் பெட்டிகள். வைக்க இடம் தேடி, மாமனார் மடியில் வைத்தார். "மாமா, கொஞ்சம் பிடிங்க."

மாமனார் கண்ணைத் திறக்காமலே "ம்" என்றார்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்த மச்சினன் புது ஜாய்ஸ்டிக்கின் பிளக்கை இழுத்தான். இறுகிப்போயிருந்தது. இழுத்த இழுப்பில் மேஜையே நகர்ந்தது. பக்கத்திலேயே அதேபோல இன்னொரு ஓட்டை இருந்தது. இதற்குப் போய் மல்லுக்கட்டுவானேன் என்று பழையதை அதில் சொருகிவிட்டு, "ஆச்சு அத்தான்," என்று எழுந்தான்.

ஒரிஜினல் எழுந்து நின்றார். கீபோர்டில் ஒரு தட்டு. ஆட்டம் தொடங்கியது.

முதல் வளைவு. இடது பக்கம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தார்.

கார் திரும்பியது! வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலத் திரும்பியது.

"பார்த்தியா!" என்று கத்தினார். "பார்த்தியாடா! இதுதான் ஒரிஜினல்!"

இரண்டாவது வளைவு, மூன்றாவது, பாலம், குறுகல் சந்து. எதிரே வந்த லாரிக்கு நாகரிகமாக ஒதுங்கி வழிவிட்டு, அடுத்த நொடி அதை ஓரங்கட்டிப் போனது கார். இத்தனை வருஷத்தில் அவர் இப்படி ஓட்டியதே இல்லை.

"ரைட்ல வா! அப்படித்தான்! விடாதே, போ போ போ!"

"அத்தான், நீங்க இவ்வளவு நல்லா ஓட்டுவீங்களா?" மச்சினன் வாயைப் பிளந்தான்.

"நான் எங்கேடா ஓட்டுறேன்? நினைச்சாலே போதும், தானாப் போகுது!" வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தார். அப்போதும் கார் வளைவில் அழகாகத் திரும்பியது. "பார், கையை எடுத்தாலும் நினைவு வெச்சிருக்கு. இரும்புத் தண்டுன்னா சும்மாவா? உன் ரப்பர் பொம்மைக்கு இந்த விசுவாசம் வருமா?"

அந்தப் பக்கம் மாமனாரின் கை துண்டுக்கு அடியில் அசைந்தது, கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தூக்கத்தில் பாவம் எந்த ஊருக்குப் போகிறாரோ என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

கார் கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது. திரையெங்கும் வாணவேடிக்கை. அந்த ஆட்டத்துக்கு முடிவு என்று ஒன்று இருப்பதையே ஒரிஜினல் அன்றைக்குத்தான் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பழைய ஜாய்ஸ்டிக்கை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிருங்க அத்தான். புதுசு புதுசுதான், பழசு பழசுதான்," என்று மச்சினன் கைகூப்பினான்.

மனைவி கதவு வழியாக ஹாலில் நின்ற கட்டிலைப் பார்த்தாள். "சொன்னா சொன்னதுதான். ரூம் உங்களுக்கே. டேய், அப்பா கட்டிலை ஹால்லயே போடு," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

ஒரிஜினலுக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆளும் பேருமாக நடமாடும் ஹாலில் வயசானவர் எப்படித் தூங்குவார்? ஆனாலும் வெற்றி வெற்றிதானே.

மச்சினன் ஹாலுக்குப் போய்க் கட்டிலைப் பிடித்துத் தூக்கினான். அதுவரை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் கண்ணை முழுசாகத் திறந்தார்.

"ஹால்ல வேண்டாம். மெஷின் இருக்கிற இந்த ரூமுக்குள்ளயே, பெட்டியை எல்லாம் ஒதுக்கிட்டுக் கட்டிலைப் போடுடா. ரெண்டும் ஒண்ணாவே கிடக்கட்டும்."

"உங்களுக்கு எதுக்கு மாமா அந்த இரைச்சல்?" என்றார் ஒரிஜினல்.

மாமனார் மடியிலிருந்த துண்டை விலக்கி, புது ஜாய்ஸ்டிக்கைத் தூக்கிக் காட்டினார். அதன் ஒயர் இன்னமும் கம்ப்யூட்டருக்குப் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது.

"இவ்வளவு நேரமும் வண்டியை ஓட்டினது நான் மாப்பிள்ளை, பக்கத்துல நின்னு 'ரைட், போ போ'ன்னு சத்தம் போட்ட கண்டக்டர்தான் நீங்க."