பிடரிவர்மன் ஆட்சியில் குட்டிச் சாவு குறைந்த வரலாறு

ஒரு காட்டில் ஆயிரம் குட்டி பிறந்தால், ஒரு வயது முடிவதற்குள் நானூறு செத்துப்போயின. அந்தக் காட்டை ஆண்ட சிங்கம் பிடரிவர்மனுக்கு இதில் பெரிய வருத்தம். நானூறு செத்ததற்காக அல்ல. அவருடைய அப்பா பெரிய பிடரிவர்மன் காலத்தில் ஆயிரத்துக்கு முந்நூற்றெண்பதுதான் செத்தன என்று பழைய பதிவேட்டில் எழுதியிருந்தது.

"எங்கப்பாவை விட இருபது ஜாஸ்தியா?" என்று கர்ஜித்தார். கர்ஜித்த சூட்டிலேயே ஓர் அரசாணையும் போட்டார். இனி எந்த வருஷமாவது அப்பா காலத்து எண்ணைத் தாண்டினால், குட்டிகள் அதிகம் சாகிற இடத்துக்கு அன்றைக்கே கட்டுமான யானையை அனுப்பி, என்ன குறையோ அதைச் சரிசெய்ய வேண்டும். நல்ல ஆணை, குறை சொல்ல இடமில்லை. அது எக்காரணம் கொண்டும் நடைமுறைக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள திருவேங்கடம் என்ற நரியைப் புள்ளிவிவர அதிகாரியாகப் போட்டார்கள்.

தெற்குப் பள்ளத்தில் செல்லாயி என்று ஒரு முயல். அந்த வருஷம் ஆறு குட்டி போட்டாள். பக்கத்துப் புற்றில் இருந்த சாரைப்பாம்பு நான்கை விழுங்கிவிட்டது. மிஞ்சிய இரண்டுக்கும் குப்பன், பிச்சை என்று பெயர் வைத்தாள். பிள்ளை தங்காத வீட்டில் அப்படித்தான் வைப்பார்கள். ஒன்றுக்கும் உதவாத உருப்படி என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போய்விடுவானாம். ஆனால் இந்த வழக்கமெல்லாம் பாம்புக்குத் தெரியுமா என்று அவளுக்குச் சந்தேகம். அதனால் இரண்டையும் முதுகில் கட்டிக்கொண்டு, அரசாணையை நம்பி நரியின் அலுவலகத்துக்குப் போனாள்.

வரிசையில் அவளுக்கு முன்னால் ஓர் ஆமை நின்றது. ஜன்னலுக்குப் போய்ச்சேர மூன்று நாள் ஆயிற்று.

"ஐயா, எங்க பள்ளத்துல நாலு குட்டி போயிடுச்சு. யானையை அனுப்பி அந்தப் புத்து வாயை அடைச்சுக் குடுங்க. இல்லேன்னா இந்த ரெண்டும் எனக்குத் தங்காது."

நரி பதிவேட்டைப் புரட்டினார். "யானை வராதும்மா. இந்த வருஷம் ஆயிரத்துக்குப் பத்துதான் செத்திருக்கு. இந்தக் காட்டு வரலாத்துலயே குட்டிங்க ரொம்பக் கம்மியாச் செத்த வருஷத்துல உன் குட்டிங்க செத்திருக்கு. நீ பெருமைப்படணும்."

"போன வருஷம் நானூறுன்னாங்களே?"

"இந்த வருஷமும் செத்தது நானூறுதான். ஆனா பிறந்தது ஆயிரம் இல்லை, நாப்பதாயிரம்."

"அத்தனையும் யாரு பெத்தா?"

நரி வரிசையின் பின்பக்கம் கையைக் காட்டினார். குளத்தில் தண்ணீர் வற்றுகிறது என்று மனு கொடுக்க வந்திருந்த தவளை அஞ்சலை அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"அஞ்சலையும் அவ சாதிசனமும் சேர்ந்து முப்பத்தொன்பதாயிரம். இத்தனை காலமா தவளையை யாரும் கணக்குல சேர்த்ததே இல்லை. எவ்வளவு பெரிய அநீதி! நான் சேர்த்தேன்."

"அப்ப அதுங்க எல்லாம் உசுரோட இருக்கா?"

"அது வேற கேள்வி. முட்டை பொரிஞ்சா அது பிறப்பு. ஆனா வால் உதிர்ற வரைக்கும் அது குட்டி இல்லை, தலைப்பிரட்டை. குட்டியே ஆகாதது எப்படிம்மா குட்டியாச் சாகும்?" என்றவர், முதுகில் இருந்த இரண்டையும் எட்டிப் பார்த்தார். "இதுங்க பேரு?"

"குப்பன், பிச்சை."

நரி பேனாவை மூடினார். "இதெல்லாம் பிள்ளை செத்த வீட்டுப் பேரு. ஆயிரத்துக்குப் பத்துன்னு நாங்க சொல்லிட்டிருக்கிற காட்டுல இப்படி ரெண்டு பேர் நடமாடினா நாளைக்கு எவனாவது கேள்வி கேப்பான். ரமேஷ், சுரேஷ்னு மாத்திட்டு வா."

செல்லாயி வெளியே வந்து ஒரு கல்மேல் உட்கார்ந்தாள். பின்னாலேயே அஞ்சலையும் வந்தாள். தண்ணீர் வற்றுவது வேறு துறையாம்.

"ஏன் அஞ்சலை, உன் புள்ளைங்கள்ல எத்தனை இருக்கும்?"

"எண்ணினதில்லைக்கா. கொக்கு கொஞ்சம் தின்னுது, மீன் கொஞ்சம் தின்னுது, மிச்சம் வெயில்ல காஞ்சு போகுது. எண்ண ஆரம்பிச்சா அந்தக் குளத்துலயே என்னால இருக்க முடியாது."

செல்லாயிக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

அடுத்த வாரம் அரண்மனையில் ஆண்டறிக்கை வாசித்தார்கள். முந்நூற்றெண்பதிலிருந்து பத்து என்று நரி வாசித்ததும் எல்லா மிருகங்களும் கை தட்டின. பாம்பும் வந்திருந்தது. கை இல்லாததால் அது வாலால் தரையைத் தட்டியது. செல்லாயி எழுந்து நின்றாள்.

"மகாராஜா, உங்க ஆட்சியில பிறந்த நாப்பதாயிரம் குட்டியும் உங்க முகத்தைப் பார்த்ததே இல்லை. எல்லாரையும் ஒருநாள் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, ஆசீர்வாதம் பண்ணணும்."

நரி பலமாக இருமினார். ஆனால் நாற்பதாயிரம் தொண்டை ஒரே நேரத்தில் 'வாழ்க' என்று கத்தினால் எப்படி இருக்கும் என்ற நினைப்பில் சிங்கம் ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு இருமி என்ன பயன்?

விழா நடந்தது. ஆற்றங்கரை நெடுக நாற்பதாயிரம் வாழையிலை போட்டார்கள். வந்து உட்கார்ந்தது ஆயிரம் குட்டி. அதில் நானூறு, அப்போதுதான் வால் உதிர்ந்த தவளைக் குஞ்சுகள். மீதி முப்பத்தொன்பதாயிரம் இலையும் காலியாகக் கிடந்தன. காற்றடித்தபோது சில இலைகள் ஆற்றில் விழுந்து மிதந்து போயின.

"மத்ததெல்லாம் எங்கே?" என்றார் சிங்கம்.

நரி ஆகாயத்தைப் பார்த்தார். அஞ்சலைதான் பதில் சொன்னாள்.

"செத்துப்போச்சுங்க மகாராஜா."

சிங்கம் நகத்தை நகத்தில் தட்டிக் கணக்குப் போட்டார். "ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சா! எங்கப்பா காலத்துல வெறும் முந்நூத்தெண்பது! கூப்பிடுடா யானையை!"

யானை எழுந்து நின்று உடம்பை உதறியது. செல்லாயி குட்டிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்றோடு தன் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தாள்.

"ஒரு நிமிஷம் மகாராஜா," என்றார் நரி. "உங்கப்பா காலத்து எண்ணுல தவளையே கிடையாது. தவளை இல்லாத எண்ணையும் தவளை இருக்கிற எண்ணையும் ஒப்பிடலாமா? அது பெரிய தப்பு."

உண்மையில் அது தப்புதான். இந்த மாதிரி ஆட்களிடம் உள்ள கொடுமையே அவர்கள் அவ்வப்போது சரியாகப் பேசிவிடுவதுதான்.

"சரி, அப்போ எத்தனை தவளை செத்துச்சு?"

"பதிவு இல்லை மகாராஜா. பதிவு இல்லாததால, பிறந்தது இதே முப்பத்தொன்பதாயிரம், அத்தனையும் செத்துச்சுன்னு வெச்சுக்கலாம்."

"அப்படின்னா நான் எங்கேயிருந்து வந்தேன்?" என்று கேட்டாள் அஞ்சலை.

நரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரி, உங்கம்மா ஒருத்தியை மட்டும் கழிச்சுக்கிறேன்." மண்ணில் பெருக்கினார், வகுத்தார், எழுந்தார். "அப்பா காலத்துல ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு. இப்போ தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு. ஒன்பது குறைஞ்சிருக்கு மகாராஜா!"

சிங்கம் நரியைக் கட்டிப்பிடித்தார். யானை மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. செல்லாயிக்கு யாரையாவது கடிக்க வேண்டும் போல இருந்தது. முயல் பல்லால் கடித்து என்ன ஆகப்போகிறது?

"இதைக் கல்லுல வெட்டணும்," என்றார் சிங்கம். "சின்னதா இல்லை. மூணு டன் கல்லு! அரண்மனை வாசல்ல நடணும்."

செல்லாயியின் காது இரண்டும் நிமிர்ந்தன.

"வாசல்ல வேணாம் மகாராஜா," என்றாள். "அங்கே வெச்சா உங்களைப் பார்க்க வர்றவங்க மட்டும்தான் படிப்பாங்க. எங்க தெற்குப் பள்ளத்துல ஒரு புத்து மேடு இருக்கு. நாலு திக்கிலயும் தெரியும். நாலு குட்டியைப் பறிகொடுத்த இடத்துலயே உங்க சாதனை நின்னா, அதைவிடப் பெருமை வேற உண்டா?"

நரி நெகிழ்ந்துபோய், 'பயனடைந்த தாய்' என்று அவள் பெயரைக் குறித்துக்கொண்டார்.

ஒரு வேளைக்குள் யானை கல்லை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. விருந்துச் சோறு உண்ட களைப்பில் பாம்பு உள்ளே போய்ப் படுத்திருந்தது.

"இங்கே ஏதோ ஓட்டை இருக்கேம்மா?" என்றது யானை.

"அஸ்திவாரக் குழிங்கண்ணே. உங்களுக்காகத்தான்."

யானை இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. தொம் என்று கல்லை இறக்கி, காலால் நாலு மிதி மிதித்து, தும்பிக்கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டது.

அடுத்த வருஷம் தெற்குப் பள்ளத்தில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. நரி கல்லுக்கு மாலை போட வந்தார். "பார்த்தியா செல்லாயி, உன் நாலு குட்டியும் இந்த எண்ணுக்குள்ளதான் பத்திரமா இருக்கு," என்றார்.

அவர் போன பிறகு செல்லாயி கல்லை ஒரு சுற்று சுற்றி வந்து, வெட்டிய எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். அவள் பெற்ற நாலும் அதில் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேலே குப்பனும் பிச்சையும் ஏறி நின்று ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே இறங்கச் சொல்லி அவள் அதட்டவில்லை.

நீதி: புள்ளிவிவரம் குட்டிகளின் உயிரைக் கட்டாயம் காப்பாற்றும். எடை மட்டும் மூன்று டன்னுக்குக் குறையக் கூடாது.