ஒரு தோள்பட்டை, இரண்டு பிராதுகள்

கை விளங்காமல் போகவேண்டும் என்று எழுதுவதா, கால் என்று எழுதுவதா என்பதில்தான் வளர்மதிக்குச் சந்தேகம். மடியில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். சைக்கிளிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து, வலது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்த பழமலைநாதன் மாத்திரை மயக்கத்திலும் எழுந்து உட்கார்ந்தான்.

"பாவம் மதி, வுட்டுடு."

"ஒங்கள இடிச்சிப்புட்டு நிக்காம போனவன் பாவமா? கைன்னே எழுதறேன்."

விருத்தாசலத்துக்காரர்களுக்கு போலீஸ் ஸ்டேஷனெல்லாம் அப்புறம்தான். அநியாயம் என்று பட்டால் தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிடுவார்கள். பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று மாதத்துக்குள் சாமியே ஆளைக் கண்டுபிடித்துவிடும். பழமலைநாதனின் பயமே அதுதான். அவனை யாரும் இடிக்கவில்லையே, சாமி தேடினால் அவன்தானே அகப்படுவான்.

அவன் செராமிக் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவன். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அப்படி ஒரு காற்று. மணிமுத்தாற்றுப் பாலம் தாண்டியதும் கண் சொருகிவிட்டது. வானம் முழுக்கச் சாயம் பூசாத பொம்மைகள் போல மேகங்கள். ஒவ்வொன்றுக்கும் கண் எழுதிக்கொண்டே போனான். திடீரென்று சைக்கிளும் கூடவே மேலே பறந்தது. சொல்லி மாளாத சுகம். விழித்துப் பார்த்தால் பள்ளத்தில் கிடந்தான். சைக்கிளில் தூங்கி விழுந்தேன் என்று எந்த ஆம்பளை பெண்டாட்டியிடம் சொல்லுவான்? எவனோ பைக்கில் வந்து இடித்துவிட்டான் என்று அளந்துவிட்டான்.

திங்கட்கிழமை அவள் பிராது கட்டினாள். செவ்வாய்க்கிழமையே இவன் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கட்டுப் போட்டால் அப்படித்தான் இருக்கும், ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். டாக்டருக்குக் கொளஞ்சியப்பரைப் பற்றி என்ன தெரியும்? விரல் போனால் பிழைப்பே போச்சு. வேறு வேலை எதுவும் அவனுக்கு வராது. மத்தியானத் தூக்கத்தில் கண்ணில்லாத பொம்மைகள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, எப்போது வருவாய் என்று மெதுவாகக் கேட்டன.

மூன்றாவது வாரம், ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனான். கட்டியவர்தான் வந்து வாபஸ் வாங்க வேண்டும் என்றார் வாசலில் பிராது எழுதித் தருகிறவர். சரி, இன்னொன்று எழுதுங்கள் என்றான். 'என்னை விழவைத்தவரை மன்னித்து, கைகால் சுகத்தோடு வைக்கவும்.' கட்டிவிட்டுத் திரும்பும்போது விரல்கள் லேசாக அசைந்தன. பஸ்ஸிலேயே நிம்மதியாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன வளர்மதியிடம், உங்கள் வீட்டுக்காரருக்குத் தங்கமான மனசு என்று அதே மனிதர் சொல்லித் தொலைத்தார்.

"யாரு அவ?" என்றாள் வந்ததும்.

"எவ?"

"ஆம்பள இடிச்சிருந்தா ஆயுசுக்கும் திட்டியிருப்பீங்க. மன்னிக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கீங்கன்னா அது பொம்பளதான்."

இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் திட்டக்குடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகப் பையில் புடவைகளை அடுக்கினாள். பழமலைநாதனுக்குத் தோள்பட்டை வலியே மறந்துபோனது. இவள் போய்விட்டால் கை இருந்தும் என்ன செய்வது? காற்று, மேகம், பறந்தது, பள்ளம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான்.

"ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல மதி. தூங்கி வுழுந்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சி."

வளர்மதி பையைக் கீழே வைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பையிலிருந்து புடவைகளை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தாள். நாளைக்கே போய் இரண்டு பிராதையும் தீர்த்துவிடலாம் என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அவனுக்குக் கண் சொருகியது.

வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. முன்பின் பார்த்திராத இளம்பெண் ஒருத்தி, கையில் ஆப்பிள் பையோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"அண்ணே, எம்பேரு ஜெயஸ்ரீ, கருவேப்பிலங்குறிச்சி. எனக்காவ நீங்க சாமிகிட்ட மன்னிப்பு கேட்டீங்கன்னு கோயில் வாசல்ல சொன்னாங்க. மனசு கேக்கல. அன்னிக்கி பாலத்தாண்ட பின்னால வந்து இடிச்சது நாந்தாண்ணே."