ஏரிக்கரைப் பாதை மேம்பட்ட விதம்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டது முதல் இன்றுவரை அதற்குக் கிடைத்த ஒரே உண்மையான மரியாதை எங்கள் ஏரிக்கரை மிதிவண்டிப் பாதைதான். பாதை மேம்பாட்டுக் குழுவின் எழுத்தர் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

முன்பு அது மேடும் பள்ளமுமான மண்பாதை. தினமும் அதில் சைக்கிள் ஓட்டியவன் ஒரே ஒருவன், என் மனைவியின் தம்பி. கேரியரின் இரு பக்கமும் தகரப் பெட்டி கட்டி, பேக்கரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுபோவான். காலை ஆறரைக்குள் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இப்படி வீணாகப் பயன்பட்டுக்கொண்டிருந்த பாதையை மீட்கத்தான் குழு அமைந்தது.

குழுவில் ஒன்பது பேர். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதால் முடிவுகளில் 'பாரபட்சம்' கிடையாது. பாதையைப் பார்வையிட ஜீப் வேண்டியிருந்தது. ஜீப் போவதற்காகப் பாதையை அகலப்படுத்தினார்கள். அகலமானதும் கார்கள் நுழையுமே என்ற கவலை பிறந்தது. இரு முனையிலும் கான்கிரீட் தூண்கள் நடலாம் என்றார் பொறியாளர்.

"இடைவெளி எவ்வளவு விடப் போறீங்க?" என்றார் தலைவர்.

"ஒரு சைக்கிள் போற அளவு சார்."

"சைக்கிள் எவ்வளவு அகலம்?"

கூட்டம் ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கியது. கடைசியில், தலைவர் தொப்பையைக் குறைக்க வாங்கி மாடியில் நிறுத்தியிருந்த, எங்கும் நகராத சைக்கிளைப் பொறியாளர் டேப்பால் அளந்து வந்தார். அதன் மேல் காய்ந்த துண்டைக்கூட எடுக்காமல் கணக்கில் சேர்த்தார். அவ்வளவு துல்லியம்.

திறப்பு விழாவில் தலைவரே சவாரி செய்தார். இடப்புறம் ஒருவர், வலப்புறம் ஒருவர் பிடித்துக்கொண்டதால் மூவரும் தூண்களுக்கிடையே நுழைய முடியவில்லை. ஆகவே சவாரி தூண்களுக்கு அப்பால் தொடங்கி இருபதடி நடைபெற்றது. "மிதிவண்டிப் புரட்சி" என்று நான் குறிப்பெழுதினேன்.

மறுநாள் மைத்துனன் வீட்டுக்கு வந்தான்.

"அத்தான், பெட்டி நுழையல."

"கழட்டிட்டுப் போயேன்டா."

"ரொட்டியை உங்க தலையில வச்சு அனுப்பவா?"

"மனு கொடு. கூட்டத்துல வைக்கிறேன்."

"அதுவரைக்கும் மெயின் ரோட்லதான் போகணும். அங்க லாரிக்காரன் மனுவெல்லாம் படிக்க மாட்டான், அத்தான்."

என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "ஒரு தூணைப் பிடுங்கச் சொல்ல உங்களுக்கு வாய் வராதா? ஆபீஸ்ல அதை அடகு வச்சிட்டீங்களா?"

மனுவைக் குழு மூன்று மணி நேரம் பரிசீலித்தது. 'ரொட்டிப் பெட்டி மிதிவண்டியின் உறுப்பு அல்ல. எனவே மனுதாரர் மிதிவண்டி ஓட்டுநர் ஆகார்' என்று தீர்மானம் நிறைவேறியது. அதன் மொழிநடையை எல்லோரும் பாராட்டினார்கள். மொழிநடை என்னுடையது.

ஒன்பதாம் நாள் மெயின் ரோட்டில் லாரி ஒன்று அவனைத் தட்டிவிட்டுப் போனது. தோள்பட்டை எலும்பும் தொடை எலும்பும் முறிந்தன. ஆனாலும் கடமை தவறாதவன். அன்றும் ஆறரைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான். ஆம்புலன்சில். மறுநாளிலிருந்து ரொட்டியை வேறொருவன் வேனில் கொண்டுவந்தான். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரமே ஆண்டறிக்கை எழுதும் பெரும் பொறுப்பு என்மேல் விழுந்தது. 'மேம்பாட்டுக்குப் பின் பாதையில் ஒரு விபத்துகூட நிகழவில்லை' என்று எழுதி நீட்டினேன்.

தலைவர் பேனாவைத் திறந்தவர், சற்றுத் தயங்கினார். "அதுல யாருமே சைக்கிள் ஓட்டறதில்லையேன்னு எவனாவது கேட்டா?"

"கேட்கக்கூடியவன் ஒருத்தன்தான் சார். அவனைப் படுக்க வச்சாச்சு."

தலைவர் நிம்மதியாகக் கையெழுத்திட்டார். கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது.